எண்டோமெட்ரியோசிஸ்: ஹார்மோன் மருந்தையும் இயற்கை வழிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது எப்படி

எண்டோமெட்ரியோசிஸ் என்று மருத்துவர் பெயர் சொன்ன சில நாட்களிலேயே பல பெண்களின் கையில் இரண்டு தாள்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று, ஹார்மோன் மாத்திரை எழுதப்பட்ட மருந்துச் சீட்டு. மற்றொன்று, பெரியம்மாவோ அலுவலகத் தோழியோ அக்கறையோடு எழுதிக் கொடுத்த பட்டியல்: அசோகப் பட்டைக் கசாயம், மஞ்சள் மாத்திரை, கோதுமையை நிறுத்துதல், யோகா. எனக்கும் 29 வயதில் இந்த இரண்டு தாள்களும் வந்தன. ஹார்மோன் என்ற சொல்லுக்கே பயந்து எட்டு மாதங்கள் இரண்டாவது தாளை மட்டும் பின்பற்றினேன். பிறகு வலி தாங்க முடியாமல் மாத்திரைக்கு மாறியபோது, அதுவரை உண்மையிலேயே உதவிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு வழிகளையும் சேர்த்தே கைவிட்டேன். இரண்டுமே தவறு என்பது பின்னர்தான் புரிந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி எந்தப் பக்கத்துக்கும் ஆள் சேர்க்க எழுதப்பட்டதன்று. ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு கசாயத்தையும் ஒரே கேள்விகளைக் கேட்டு எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். எந்த மாத்திரையையும் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அந்தப் பேச்சுக்குத் தயாராகச் செல்வதற்கே இது.

வலியின் நான்கு வேர்கள்

கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் இடுப்புக்குழியின் சவ்விலும், சிலருக்குக் குடல், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றின் மீதும் வளர்வதே இந்த நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிப் பழுப்பு நிறத்தில் கெட்டிப்படுவதைச் 'சாக்லேட் கட்டி' என்று நம் ஊர் ஸ்கேன் மையங்களில் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921இல் எழுதிய கட்டுரையிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது.

எடை போடுவதற்கு நமக்குத் தேவையான அடிப்படை ஒன்றுதான்: இந்த நோயின் வலி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முதல் வேர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். திசு அதை உண்டு வளர்கிறது. போதாக்குறைக்கு, அரோமடேஸ் என்ற நொதியின் துணையால் தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானும் தயாரித்துக்கொள்கிறது. இரண்டாவது வேர் அழற்சி. மாதவிடாயின்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள் கருப்பையை முறுக்குவதும் குடலைக் கலக்குவதும் இதனால்தான். மூன்றாவது, ஆண்டுக்கணக்கில் வலியை எதிர்பார்த்து எதிர்பார்த்து இறுகிப்போன இடுப்புத்தளத் தசைகள். நான்காவது, ஓயாத வலியால் கூர்மையேறி, சிறு தூண்டலையும் பெருவலியாக உணர்த்தத் தொடங்கும் நரம்பு மண்டலம். இவை தவிர, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்பு நார்கள் இருக்கின்றன. அவற்றை எந்த மாத்திரையும் எந்த மூலிகையும் கரைப்பதில்லை, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சைதான் பிரிக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கையில் கொடுக்கப்படும் எதைப் பார்த்தும் முதல் கேள்வியைக் கேட்டுவிடலாம்: இது எந்த வேரைத் தொடுகிறது? ஹார்மோன் மருந்து பெரும்பாலும் முதல் வேரைத் தொடும். வெந்நீர் ஒத்தடமும் மெஃபனமிக் அமிலம் என்ற வலிமாத்திரையும் இரண்டாவதைத் தொடும். யோகாவும் இடுப்புத்தளப் பிசியோதெரபியும் மூன்றாவதையும், ஓரளவு நான்காவதையும் தொடும். இப்படிப் பார்க்கும்போது 'இதுவா, அதுவா' என்ற கேள்வியின் பிடி தானாகவே தளர்ந்துவிடுகிறது.

முதலில் உங்கள் குறிக்கோளை எழுதுங்கள்

வலி குறைய வேண்டுமா, விரைவில் கருத்தரிக்க வேண்டுமா, அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டி திரும்ப வராமல் இருக்க வேண்டுமா? இந்த மூன்றுக்கும் விடை ஒன்றல்ல.

கருத்தரிப்பதே குறிக்கோள் என்றால் ஹார்மோன் மருந்துகள் அந்த வேலைக்கு உரியவையல்ல. அவற்றுள் பெரும்பாலானவை சினைமுட்டை வெளிவருவதை நிறுத்துகின்றன. ஆகவே உட்கொள்ளும் காலம் முழுவதும் கருத்தரிப்பு தள்ளிப்போகுமே தவிர, பின்னால் வாய்ப்பு கூடுவதில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மற்றும் கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுறும் திறனைக் கூட்டுவதற்காக இவற்றை எழுதக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொல்கிறது: நோயைக் குணப்படுத்தும் ஒரே நோக்கத்துக்காகக் கருத்தரிக்குமாறு எந்தப் பெண்ணுக்கும் அறிவுரை கூறக் கூடாது. 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது.

கருத்தரிக்க விரும்புபவருக்கு 35 வயது கடந்திருந்தால், இயற்கை வழிகளை ஓராண்டு முயன்று பார்க்கலாம் என்று காத்திருப்பதும் அதே அளவு ஆபத்தானது. அந்த ஓராண்டு திரும்ப வராது. கருத்தரிப்பு மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

அடுத்து, 'இயற்கை வழி மட்டும் போதும்' என்ற முடிவை எடுக்கவே கூடாத நிலைகள் சில இருக்கின்றன. ஆழமாக வளரும் திசு சிறுநீர்க்குழாயை நெருக்கினால் சிறுநீரகம் வலியே இல்லாமல் வீங்கிச் செயலிழக்கக்கூடும். கசாயத்தால் மாதவிடாய் வலி குறைந்திருக்கும், உள்ளே சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும். குடல் சுருங்கி அடைபடுவதும் இவ்வாறே. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், சிறுநீரகங்களையும் சேர்த்துப் பார்க்கும் நல்ல அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. ஒருமுறை எடுத்திருக்க வேண்டும். திருமணமாகாதவர் என்பதற்காகப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனைத் தவிர்த்து, வயிற்றின் மேலிருந்து மட்டும் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த ஸ்கேன் உங்களுக்கு ஏற்றதாக இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேளுங்கள். படம் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையை நோயைக் கண்டறிவதற்காகச் செய்வது பரிந்துரைக்கப்படுவதில்லை.

திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, அதனுடன் காய்ச்சல் அல்லது வாந்தி, மயக்கம் ஆகியவை வந்தால் நாட்குறிப்பை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இரண்டு சுழற்சிகளுக்கு நாட்குறிப்பு

தராசில் எதை வைப்பதற்கும் முன்னால் தராசின் முள் நேராக நிற்க வேண்டும். எந்தப் புதிய மருந்தும் தொடங்காமல் இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு எழுதுங்கள். வலி கடுமையாக இருந்து உடனே மருந்து தேவைப்பட்டால் ஒரு வாரக் குறிப்பு இருந்தாலும் போதும். நான் வைத்திருந்தது 40 பக்கக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"ஜூன் 14, இரண்டாம் நாள். காலை 5 மணிக்கு வலியில் விழிப்பு, 10க்கு 8. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு வாந்தி. 7 மணிக்கு வெந்நீர்ப் பை, 6ஆக இறங்கியது. மலம் கழிக்கும்போது கத்தி குத்துவது போல. அலுவலகம் செல்லவில்லை. வலிமாத்திரை 3. இரவு தூக்கம் 4 மணி நேரம்."

வலியின் எண்ணைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள விவரங்களே மருத்துவருக்கு வழிகாட்டின. மலம் கழிக்கும்போது வலி என்ற வரியைப் பார்த்த பிறகுதான் குடலருகே பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆகவே வலியின் அளவு, எழுந்த நேரம், வலிமாத்திரைகளின் எண்ணிக்கை, வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியாத நாட்கள், மலம், சிறுநீர், உடலுறவு ஆகியவற்றின்போது வலி, தூக்கம், மனநிலை ஆகியவற்றை எழுதுங்கள். மனநிலையை எழுதத் தவறாதீர்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

ஹார்மோன் மருந்துகள்: எதைத் தருகின்றன, எதைக் கேட்கின்றன

எந்த ஹார்மோன் மருந்தும் இந்த நோயை வேரோடு அகற்றுவதில்லை, அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் பலருக்கு அறிகுறிகள் திரும்புகின்றன. இதைக் கேட்டதும் 'அப்படியானால் எதற்கு?' என்று மனம் சோர்வது இயல்பே. ஆனால் இரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான் வேலை செய்கிறது. வலியில்லாமல் படித்து முடித்த ஓர் ஆண்டும், விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளும் பெறுமானம் உள்ளவை.

கூட்டுக் கருத்தடை மாத்திரை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் போல் செயல்படும் மருந்து) இரண்டையும் கொண்டது. பழக்கமானது, எளிதில் கிடைப்பது. மாதவிடாய்க்காக இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுக்குமாறு மருத்துவர்கள் சொல்வதுண்டு. இதில் கவனிக்க வேண்டியது இரத்தக் கட்டு. கண்முன் ஒளிக்கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம், முன்பு காலில் இரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் ஆகியவை இருந்தால் இந்த மாத்திரை உங்களுக்குரியதன்று. கேட்காமலே எழுதிக் கொடுத்தாலும் இவற்றை நீங்களாகச் சொல்லுங்கள்.

டைனோஜெஸ்ட் புரோஜெஸ்டோஜன் மட்டும் கொண்டது. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம், இடைவெளியின்றி, தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். இந்தியாவில் இன்று இந்த நோய்க்கு மிகுதியாக எழுதப்படும் மாத்திரைகளில் ஒன்று. 24 வாரச் சோதனையில், வலியைக் குறைப்பதில் லியுப்ரோலைடு ஊசிக்கு (அதைப் பற்றிக் கீழே வருகிறது) இணையாக இது நின்றது. ஆனால் முதல் மூன்று மாதங்கள் பொறுமையைச் சோதிக்கும்: மருந்தின் தகவல் தாளில் உள்ளபடி, முதல் 90 நாட்களில் நீடித்த இரத்தப்போக்கு 38 சதவீதத்தினருக்கு இருந்தது, 9 மாதங்களுக்குப் பின் அது 4 சதவீதமாகக் குறைந்தது. இந்த ஓர் உண்மையை முன்கூட்டியே சொல்லாததால், ஆறாவது வாரத்தில் 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்திருப்பேன். மருந்தை எடுத்துத் தந்த மருந்தாளுநர் அம்மா அட்டையைத் திருப்பி, 'மூணு மாசம் சிந்திக்கிட்டே இருக்கும்மா, பயந்துடாதீங்க' என்று சொல்லியிராவிட்டால்.

அதன் மறுபக்கம்: தலைவலி, மார்பக வலி, முகப்பரு, சிலருக்கு எடை கூடுதல். இவை தவிர மனச்சோர்வு. முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நாட்குறிப்பில் மனநிலையை எழுதச் சொன்னதன் காரணம் இதுதான். மெல்ல இறங்கும் மனத்தை அன்றாடம் உணர முடியாது, மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே உதவி தேடுங்கள். மருந்தை மாற்ற முடியும். எலும்பு இன்னும் உறுதிப்படும் பதின்வயதினரிடம் 12 மாதப் பயன்பாட்டில் எலும்பு அடர்த்தி சற்றுக் குறைந்ததாகப் பதிவாகியிருப்பதால், சிறுமிகளுக்கு இதை எழுதும்போது அதையும் பேச வேண்டும். டைனோஜெஸ்ட் சினைமுட்டை வெளிவருவதைத் தடுத்தாலும் கருத்தடை மாத்திரையாக அனுமதிக்கப்பட்டதன்று என்பதால், கருத்தடை தேவைப்படுவோர் ஹார்மோன் இல்லாத வேறு முறையைக் கையாள வேண்டும்.

நோரெதிஸ்டிரோனும் ஒரு புரோஜெஸ்டோஜன்தான். பழையது, விலை குறைவு. லெவோனார்ஜெஸ்ட்ரல் கொண்ட கருப்பைச் சாதனம் தினமும் மாத்திரை விழுங்கும் தொல்லையைப் போக்குகிறது. ஆனால் பெரும்பாலும் சினைமுட்டை உருவாவதை நிறுத்தாததால் சினைப்பைக் கட்டிக்கு அதன் உதவி குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசி நீண்ட காலத்தில் எலும்பைப் பாதிக்கிறது. நிறுத்திய பிறகு கருவுறுதல் மீளப் பல மாதங்கள் ஆவதால் விரைவில் குழந்தை வேண்டுவோருக்கு ஏற்றதன்று. டனசால் என்ற பழைய ஹார்மோன் மருந்து குரலை நிரந்தரமாகக் கரகரப்பாக்கக்கூடும். இன்று அதை எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

லியுப்ரோலைடு போன்ற ஜி.என்.ஆர்.எச். ஊசிகள், சினைப்பைகளை இயக்கும் மூளையின் கட்டளையை அடக்கித் தற்காலிக மாதவிடாய் நிறுத்தத்தை உண்டாக்குகின்றன. உடல் கொதிப்பு, தூக்கமின்மை, வறட்சி, எலும்புத் தேய்மானம் ஆகியவை விலை. துணை ஹார்மோன் சேர்க்காமல் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. சிறிதளவு ஹார்மோனைத் திருப்பித் தந்தால் வலிநிவாரணம் குறையாமலே எலும்பைக் காக்கலாம். அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற எலகோலிக்ஸ், 2022இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரை ஆகியவை இதே வழியில் செயல்படும் வாய்வழி மருந்துகள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் எதை எடுப்பது என்று குழம்புவோருக்கு ஒரு தகவல்: 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 405 பெண்களில் நீண்டநாள் புரோஜெஸ்டோஜன் எடுத்தவர்களுக்கும் கூட்டு மாத்திரை எடுத்தவர்களுக்கும் மூன்றாண்டுகளின் முடிவில் வலி ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 40 சதவீதம், குறைந்திருந்தது. ஆகவே உங்கள் உடலுக்கும் வாழ்க்கைக்கும் ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது.

'ஹார்மோன் சாப்பிட்டால் பின்னால் குழந்தையே பிறக்காது' என்ற அச்சம் ஆதாரமற்றது. மாத்திரையை நிறுத்தியபின் சுழற்சி திரும்புகிறது.

'அவளுக்குச் சரியாகிவிட்டது' என்பதை எப்படிக் கேட்பது

இயற்கை வழிகளுக்குள் செல்லும் முன் ஓர் எண்ணை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எலகோலிக்ஸ் மருந்தின் முதல் பெரிய சோதனையில், மாதவிடாய் வலியில் தெளிவான குறைவு கண்டவர்கள் அதிக அளவில் மருந்து எடுத்தோரில் 76 சதவீதம், குறைந்த அளவில் எடுத்தோரில் 46 சதவீதம். மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கியவர்களிலும் 20 சதவீதத்தினருக்கு அதே அளவு குறைந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை; வலி மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவது, மிக மோசமான மாதத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைத் தொடங்குவது, கவனித்துக்கொள்ளப்படும் நம்பிக்கை என்று பல காரணங்கள் உண்டு. ஆகவே ஐந்து பெண்கள் ஒரு கசாயத்தைக் குடித்து ஒருவருக்கு நன்றாக வலி குறைந்திருந்தால், அது கசாயத்தின் வேலை என்று சொல்வதற்கில்லை. இதே அளவுகோல் மாத்திரைக்கும் பொருந்தும்.

இயற்கை வழிகள்: நிற்பவை, நிற்காதவை

மேற்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதல், உணவு, உடற்பயிற்சி, அக்குபஞ்சர், பிசியோதெரபி ஆகியவற்றை மருத்துவர் நோயாளியோடு பேச வேண்டும் என்கிறது. ஆனால் குறிப்பிட்ட எதையும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆதாரம் போதவில்லை என்பதற்குப் பயனில்லை என்று பொருளன்று. ஆனால் பயன் இருப்பதாக எவரேனும் அடித்துச் சொன்னால் அவருக்கு அதைச் சொல்லும் உரிமை இல்லை.

என் தராசில் முதலிடம் வெப்பத்துக்கே. 2001இல் வெளியான சோதனையில், வயிற்றின் மேல் தொடர்ந்து வைத்த சுமார் 39 டிகிரி செல்சியஸ் வெப்பப் பட்டை மாதவிடாய் வலியில் இபுபுரூஃபனுக்கு இணையாக நின்றது. அந்தச் சோதனை எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகளுக்கென்று தனியாகச் செய்யப்பட்டதன்று; ஆனாலும் தீங்கில்லாதது, செலவில்லாதது. கொதிநீரை நேராகப் பையில் ஊற்றித் தோல் மேல் வைத்தால் நாளடைவில் வலை போன்ற கருந்தழும்பு விழும். பையைப் பருத்தித் துண்டில் சுற்றி, கையால் தொட்டுப் பார்த்து, இதமான சூட்டில் வையுங்கள், தூங்கும்போது எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அசைவு. பிரேசிலில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடம் எட்டு வாரம், வாரம் இருமுறை, ஒன்றரை மணி நேர யோகா நடத்தப்பட்டபோது அன்றாட வலி குறைந்தது. இறுகிய இடுப்புத்தளத்துக்கு மூச்சோடு தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் கெகல் பயிற்சி சிலருக்கு வலியைக் கூட்டிவிடும். இதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் உங்கள் நகரில் இருந்தால் ஒருமுறையாவது சென்று பாருங்கள்.

இஞ்சிப் பொடி சாதாரண மாதவிடாய் வலியில் பல சிறு சோதனைகளில் உதவியிருக்கிறது. நாளொன்றுக்கு முக்கால் கிராம் முதல் இரண்டு கிராம் வரை, மாதவிடாயின் முதல் மூன்று நான்கு நாட்கள். சுக்குக் காப்பி குடிப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மஞ்சளைப் பற்றி எழுதும்போது சற்று நிற்கிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் அதன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை மரியாதைக்குரியது. ஆய்வகத்தில் மஞ்சளின் சத்தான குர்குமின் இந்தத் திசுவின் வளர்ச்சியைத் தடுப்பதாகத் தோன்றியது. ஆனால் ஈரானில் எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகளுக்கு நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, போலி மாத்திரையோடு ஒப்பிட வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதோடு, மிளகுச் சத்து சேர்த்து உடலில் பன்மடங்கு ஏறும்படி தயாரித்த குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. குழம்பில் இடும் மஞ்சள் வேறு, அந்த மாத்திரை வேறு.

மீன் எண்ணெய், வைட்டமின் டி ஆகியவற்றை அமெரிக்காவில் இளம் நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. தூக்க ஹார்மோனான மெலடோனின் மாத்திரையைப் பார்த்தால், 2013இல் பிரேசிலில் 10 மில்லிகிராம் உதவியது. 2023இல் வெளியான ஸ்வீடன் சோதனையில் 20 மில்லிகிராம் உதவவில்லை. ஒரு நல்ல செய்தியை மட்டும் படித்துவிட்டுக் கடைக்கு ஓடினால் என்னவாகும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. வைட்டமின் டி உங்கள் இரத்தத்தில் குறைவாக இருந்தால் வலிக்காக இல்லாவிட்டாலும் எலும்புக்காக நிரப்புங்கள். எலும்பைப் பாதிக்கக்கூடிய ஹார்மோன் மருந்து எடுப்பவர்களுக்கு அது இரட்டைத் தேவை. கேழ்வரகும் எள்ளும் நம் சமையலில் ஏற்கெனவே இருக்கும் கால்சியம்.

கோதுமையை நிறுத்துவது பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2012ஆம் ஆண்டின் இத்தாலிய ஆய்வில், 12 மாதங்களில் 75 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு அதில் இல்லை. போலி மாத்திரை பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்புசமும் கழிச்சலும் உங்கள் முதன்மைத் தொல்லை என்றால், குடலில் புளித்து வாயு உண்டாக்கும் உணவுகளை உணவியலாளரின் உதவியோடு சில வாரங்கள் குறைத்துப் பார்ப்பது நல்ல முயற்சி. வெங்காயம், பூண்டு, பருப்பு என்று நம் சாப்பாட்டின் பாதி அந்தப் பட்டியலில் வருவதால், தனியாகச் செய்து சத்துக்குறைவில் விழ வேண்டாம்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவர் தருவதையும், பெயர் ஒட்டாத டப்பாவில் கூரியரில் வருவதையும் ஒன்றாகக் கருத முடியாது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ 21 சதவீதத்தில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தது. கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு ஈயம் என்பது சிறிய விஷயமன்று. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல் ஆகிய மூன்றும் அட்டையில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். 'காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த இயற்கைப் புரோஜெஸ்டிரோன்' என்று விற்கப்படும் களிம்புகளையும் நம்ப வேண்டாம். அக்கிழங்கின் சத்தைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை, தொழிற்சாலையில்தான் அது நடக்கும்.

சேர்க்கக் கூடாத சேர்க்கைகள்

இரண்டு மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் எழுதும் இடத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, கூட்டு மாத்திரை, டைனோஜெஸ்ட் இரண்டையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படியே. அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். கூட்டு மாத்திரை எடுப்பவருக்கு அது கூடுதல் சுமை. அதிக இரத்தப்போக்குக்குத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையோடு சேர்த்தால் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். இந்த அமிலமும் மெஃபனமிக் அமிலமும் ஒரே மாத்திரையில் விற்கப்படுவதால், வீட்டில் மீதமிருப்பதை எடுத்து விழுங்கும்முன் அட்டையைப் படியுங்கள்.

மெஃபனமிக் அமிலத்தையும் தண்ணீர் போல் விழுங்க வேண்டாம். அது காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றோடு வரும் கடும் ஒவ்வாமையை அரிதாக உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இல் எச்சரித்தது. சாப்பிட்ட பிறகு, சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுங்கள். அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், இஞ்சி மாத்திரைகள் எல்லாவற்றையும் அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள்.

மூன்று மாதச் சோதனை

இப்போது ஒரு தாளை எடுத்து, கையிலிருக்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் எதிரே ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எந்த வேரைத் தொடுகிறது? எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடமே போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்களா? எவ்வளவு நாளில் பலன் தெரிய வேண்டும்? எனக்கு எதைக் கெடுக்கக்கூடும்? நிறுத்தினால் என்ன ஆகும்? விடை எழுத முடியாத கட்டங்களை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். அலோபதி மருத்துவரிடமும் சித்த மருத்துவரிடமும் ஒரே தாளைக் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் பலவற்றைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வெப்பம், நடை, தூக்கம் போன்ற தீங்கற்றவற்றை உடனே தொடங்கலாம். மாத்திரையோ மூலிகையோ என்றால் ஒன்றுதான்; அதற்கு மூன்று மாதம். தொடங்கும் நாளன்றே எது நடந்தால் வெற்றி என்று எழுதிவிடுங்கள். நான் எழுதியது: மாதத்துக்கு வலிமாத்திரை 12லிருந்து 5ஆக வேண்டும், விடுப்பு மூன்று நாளிலிருந்து ஒன்றாக வேண்டும், மனநிலை இப்போது இருப்பதைவிட இறங்கக் கூடாது. டைனோஜெஸ்டில் முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவதான மனநிலை ஐந்தாவது மாதத்தில் தடுமாறியது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த மருத்துவர் கருப்பைச் சாதனத்துக்கு மாறலாம் என்றார். எனக்குச் சினைப்பைக் கட்டி இல்லாததால் அது பொருந்தியது. வெந்நீர்ப் பையும் வாரம் இருமுறை யோகாவும் அப்போதும் தொடர்ந்தன, இப்போதும் தொடர்கின்றன.

உங்கள் அளவுகோல்கள் வேறாக இருக்கும். மூன்று மாத முடிவில் மூன்றில் குறைந்தது இரண்டு நிறைவேறாவிட்டால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதா என்ற கேள்வியோடு செல்லுங்கள். அந்தச் சந்திப்புக்கான தேதியை மாத்திரையின் முதல் அட்டையை வாங்கும் நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள். நாட்குறிப்பின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தப் படங்களை மேசை மேல் வைப்பது எளிது.